பாதுகாப்பு அமைச்சகத்துக்கு ஒரு பழைய உஸ்தாத் எழுதும் திறந்த மடல்

பாதுகாப்பு அமைச்சகத்திலும் ராணுவத் தலைமையகத்திலும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

நான் காலாட்படையில் 24 ஆண்டுகள் பணியாற்றி, 2016-ல் ஹவில்தாராக ஓய்வு பெற்றவன். அதில் மூன்று ஆண்டுகள் ஒரு பயிற்சி மையத்தில் ரங்ரூட்டுகளுக்கு, அதாவது புதிதாகச் சேர்ந்த பையன்களுக்கு, பயிற்சி கொடுக்கும் உஸ்தாதாக இருந்தேன்.

2022 ஜனவரியில், ராணுவ வீரரைப் பற்றிய படத்துக்கு உங்கள் அனுமதி கேட்டு இயக்குநர் ஓனிர் அனுப்பிய திரைக்கதைக்குத் தடையில்லாச் சான்று தர மறுத்தீர்கள். அடுத்த மாதமே மக்களவையில் காரணமும் சொன்னீர்கள். காஷ்மீரில் பணியில் இருக்கும் ராணுவ வீரருக்கும் உள்ளூர் இளைஞர் ஒருவருக்கும் காதல் என்று காட்டுவது ராணுவத்தை மோசமாகச் சித்தரிக்கிறது, பாதுகாப்புச் சிக்கலையும் எழுப்புகிறது என்பது உங்கள் பதில். அந்தச் செய்தியை அன்றைக்கே படித்தேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனேன். இத்தனை நாள் பேசாமல் இருந்தது தப்பு. ராணுவத்துக்கு எது கெட்ட பெயர் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அப்படி ஒரு காரியத்தை நானே செய்திருக்கிறேன்.

சில வாரங்களுக்கு முன் என் மகள் ஒரு அமெரிக்கப் படத்தைப் போட்டாள். 'தி இன்ஸ்பெக்‌ஷன்' என்று பெயர். நீங்கள் ஓனிருக்கு மறுத்த அதே 2022-ல் வந்த படம். எடுத்தவர் எலிகன்ஸ் பிராட்டன். தன்பாலீர்ப்பு உள்ளவர் என்பதால் பதினாறு வயதில் அம்மாவால் வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவர். பல ஆண்டுகள் தங்க இடமில்லாமல் திரிந்து, பிறகு மரைன் படையில் சேர்ந்து, அங்கேதான் கேமரா பிடித்திருக்கிறார். தன் கதையையே படமாக்கியிருக்கிறார். 2005-ல் ஒரு இளைஞன் பயிற்சி முகாமுக்குப் போகிறான். ராணுவத்தில் இருப்பவர் தன்பாலீர்ப்பு பற்றிச் சொல்லவும் கூடாது, அவரை யாரும் கேட்கவும் கூடாது என்ற சட்டம் அமெரிக்காவில் இருந்த காலம் அது. குளியலறையில் அவன் யாரென்று மற்றவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. அங்கேயே அடிக்கிறார்கள். அதற்கப்புறம் ஒவ்வொரு நாளும் அவனை உடைத்து வெளியே அனுப்புவதற்கென்றே விடிகிறது.

அந்த வரிசைக் கட்டில்கள், முகத்துக்கு நாலு விரற்கடையில் வந்து நின்று கத்தும் பயிற்றுநர், இமைக்காமல் எதிரே பார்த்துக்கொண்டு நிற்கும் பையன்கள். மொழிதான் வேறு. நான் பாதியில் எழுந்து வெளியே போய்விட்டேன். படம் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று மகள் நினைத்துக்கொண்டாள். பிறகு மீதியைத் தனியாகப் பார்த்தேன். பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் உஸ்தாதாக இருந்ததும் 2005-ல்தான்.

என் பிளாட்டூனில் ஒரு பையன் இருந்தான். வயது பத்தொன்பது. தமிழ்ப் பையன். பெயரும் ஊரும் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஓட்டத்தில் சுமார், கயிறு ஏறுவதில் அதைவிடச் சுமார். துப்பாக்கியைக் கழற்றி மாட்டுவதில் மட்டும் கை பேசும். இந்தி வராமல் முதல் இரண்டு மாதம் திணறினான், நானும் அப்படித் திணறியவன்தான். தமிழ் தெரிந்த உஸ்தாத் அங்கே நான் ஒருவன் என்பதால், என்னைப் பார்த்தால் அவன் முகத்தில் ஒரு தெளிச்சி வரும்.

ஒரு நாள் கிட் சோதனை. கட்டில்மேல் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும். மடித்த போர்வை, மெஸ் டின், மக், ஷேவிங் செட், ஊசி நூல் பை. பெட்டி திறந்திருக்க வேண்டும். கம்பெனியின் சுபேதார் சாப் அவனுடைய கறுப்புத் தகரப் பெட்டியைக் கிளறினார். அடியில் விரித்திருந்த செய்தித்தாளுக்குக் கீழே ஒரு இன்லாண்ட் லெட்டர். எழுதி முடித்து, இன்னும் ஒட்டாதது. அவருக்குத் தமிழ் தெரியாது. என்னிடம் நீட்டி, என்ன எழுதியிருக்கிறான், படித்துச் சொல் என்றார். எல்லோர் முன்னாலும்.

வெளியே எழுதியிருந்தது ஒரு ஆண் பெயர். உள்ளே இருந்தது இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். "இங்க ராத்திரி குளிரு தாங்க முடியல. நீ குடுத்த சட்டையத்தான் உள்ள போட்டுக்கிட்டுப் படுக்குறேன். உன் வாசனை போயிடுச்சு. கசம் பரேடுக்கு அப்பா அம்மா வருவாங்க. நீயும் கூட வா. ஃப்ரெண்டுன்னு சொல்லிக்கலாம்." கசம் பரேடு என்றால் பயிற்சி முடிந்து உறுதிமொழி எடுக்கும் அணிவகுப்பு. கடிதத்தில் அதற்குக் கீழே, ஒரு ஆண் இன்னொரு ஆணுக்கு எழுதுவதாக நான் அதுவரை கேள்விப்பட்டிராத இரண்டு வரி.

எனக்கு மூணு செகண்ட் இருந்தது. "அண்ணனுக்கு எழுதியிருக்கான் சாப், குளிருதுங்கிறான்" என்று சொல்லியிருந்தால் முடிந்தது கதை. அங்கே அந்தக் கடிதத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர், எழுதியவனும் நானும். நான் ஒரு வார்த்தை விடாமல் இந்தியில் சொன்னேன். சட்டையையும் சொன்னேன், வாசனையையும் சொன்னேன். சொல்லும்போது அவன் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். முப்பது பேர் சிரித்தார்கள்.

அன்றைக்கு ராத்திரியே அவன் கட்டில் பேரக்கின் கோடிக்குப் போனது, கக்கூஸ் கதவுக்குப் பக்கத்தில். லங்கரில், அதாவது சாப்பாட்டுக் கூடத்தில், அவன் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. எல்லோரும் குளித்து முடித்த பிறகுதான் அவன் குளிக்க வேண்டும் என்று ஒரு உத்தரவு. அதை எழுதியவர் யாரும் இல்லை, ஆனால் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவனோடு ஜோடி போட்டிருந்த பையன் ஆளை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டான், மாற்றினோம். அப்புறம் ரகடா, அதாவது தண்டனைப் பயிற்சி. விளக்கணைத்த பிறகு பிட்டூப் பையை முதுகில் மாட்டி மைதானத்தைச் சுற்ற விடுவது, சரளைக்கல்லில் ஃப்ரன்ட் ரோல், காதைப் பிடித்துக் குனிந்து நிற்கும் முர்கா. முழங்கைத் தோல் உரிந்து, காய்வதற்குள் மறுபடியும் உரியும். மற்ற உஸ்தாத்கள் கொடுத்தார்கள். நானும் கொடுத்தேன். நான் கொடுக்காவிட்டால் என்னையும் அவனோடு சேர்த்துப் பேசுவார்கள் என்ற பயம் எனக்கு. தமிழன் தமிழனுக்குச் சலுகை காட்டுகிறான் என்ற பேச்சு ஏற்கெனவே இருந்தது.

அவன் ஒரு தடவைகூட எதிர்த்துப் பேசவில்லை. யாரிடம் போய்ச் சொல்வான்? புகார் சொல்ல வேண்டுமென்றால் என் வழியாகத்தான் மேலே போக வேண்டும்.

சாப்பாடு குறைந்தது. ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்தில் பின்தங்கினான். ஒரு முறை பின் பேட்ச்சுக்குத் தள்ளினார்கள். கடைசியில், திறமையான சிப்பாயாக வருவதற்கு வாய்ப்பில்லாதவர் என்று எழுதி வீட்டுக்கு அனுப்பினார்கள். கசம் எடுக்காத ரங்ரூட்டை அந்தக் காரணம் காட்டி அனுப்ப ராணுவ விதிகளில் இடம் உண்டு. காகிதத்தில் கடிதம் இல்லை, ரகடா இல்லை, கக்கூஸ் கதவு இல்லை. நாளைக்கு யாராவது அந்த மையத்துப் பதிவேட்டைத் தேடினாலும் கையில் கிடைப்பது அந்த ஒரு வரிதான். இப்படி ஒரு பிரச்சினையே எங்களிடம் வந்ததில்லை என்று உங்கள் கோப்புகள் சொன்னால், தயவுசெய்து அதை நம்பாதீர்கள். அந்தக் கோப்புகளை எழுதியவர்கள் நாங்கள்.

போகிற அன்று ஸ்டோரில் கொடுத்த சாமானையெல்லாம் எண்ணித் திருப்பிக் கொடுத்தான். பிறகு சொந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்தான். சட்டை அவனைவிட இரண்டு அளவு பெரியது, தோளிலிருந்து தொங்கியது. எந்தச் சட்டை என்று எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. "வரேண்ணே" என்றான். அதுவரை என்னை உஸ்தாத் என்றுதான் கூப்பிட்டிருந்தான். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

இதைத்தான் மோசமான சித்தரிப்பு என்று நான் சொல்வேன். யாரும் படம் எடுக்காமலே நடந்தது.

அப்போது தன்பாலுறவைத் தண்டிக்கும் 377-வது பிரிவு இருந்தது, சட்டப்படியே குற்றம், நாங்கள் என்ன செய்திருக்க முடியும் என்று பல வருடம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். 2018 செப்டம்பர் 6 அன்று அந்தச் சமாதானமும் போனது. வயதுவந்த இருவர் மனமொத்து இருப்பது குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். இந்த மக்களிடமும் அவர்கள் குடும்பங்களிடமும் வரலாறு மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறது என்று நீதிபதி இந்து மல்ஹோத்ரா எழுதினார். வரலாறு என்றால் யார்? ஒரு பேரக்கில் அது நான்.

நான்கே மாதத்தில், 2019 ஜனவரியில், அன்றைய தரைப்படைத் தலைமைத் தளபதி, மறைந்த பிபின் ராவத் அவர்கள், ராணுவத்தில் இதை அனுமதிக்க மாட்டோம், ராணுவச் சட்டத்தின் பிரிவுகள் எங்களிடம் இருக்கின்றன என்று பத்திரிகையாளர்களிடம் சொன்னார். அவர்மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அந்தப் பேச்சு ஒவ்வொரு பயிற்சி மையத்திலும் ஒரு உத்தரவுபோலத்தான் போய்ச் சேர்ந்திருக்கும். மேலே ஒரு ஜெனரல் ஒரு வாக்கியம் சொன்னால் கீழே நாயக் அதை முழங்கையால் நிறைவேற்றுவான். அப்படித்தான் எங்களை வளர்த்திருக்கிறீர்கள்.

அவர் சொன்ன பிரிவுகள் எனக்குத் தெரியும். 1950-ம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 46-வது பிரிவு, "இயற்கைக்கு மாறான" இழிநடத்தைக்கு ஏழு ஆண்டுவரை சிறை என்கிறது. அதிகாரிகளுக்கும், சுபேதார் போன்ற ஜே.சி.ஓ.க்களுக்கும் 45-வது பிரிவு, பதவிக்குத் தகாத நடத்தை. ராணுவத்தினரின் அடிப்படை உரிமைகளைக் கட்டுப்படுத்த அரசமைப்பின் 33-வது உறுப்பு நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் கொடுக்கிறது என்பதும் தெரியும். சீருடை போட்டவனுக்கு மற்றவர்களுக்கு இருக்கும் எல்லாச் சுதந்திரமும் இருக்க முடியாது, நான் அதற்கு எதிரி இல்லை. ஆனால் இயற்கைக்கு மாறானது எது என்று அந்தப் பிரிவு விளக்கவில்லை. நாட்டின் உச்ச நீதிமன்றம் ஒரு பக்கம் விளக்கியிருக்கிறது, நீங்கள் அதே சொல்லை 1950-ல் இருந்தபடியே பேரக்கில் தொங்கவிட்டிருக்கிறீர்கள்.

ஒழுங்கு கெடும் என்பீர்கள். பனிமலையில் ஒரு கூடாரத்துக்குள் ஐந்து பேர் முதுகோடு முதுகு ஒட்டிப் படுத்திருக்கிறோம். கால் விரல் மரத்துப்போனவனின் பாதத்தை இன்னொருவன் தன் வயிற்றுக்குள் வைத்துச் சூடேற்றியதைப் பார்த்திருக்கிறேன். அந்த ஐவரில் யாருக்கு யார்மேல் ஈர்ப்பு என்று ஒருவனும் கேட்டதில்லை. கயிற்றை விடாமல் பிடிப்பானா என்பதுதான் கேள்வி. ஒழுங்கு கெடுவதை நான் பார்த்தது அந்தக் கிட் சோதனைக்கு அப்புறம்தான். முப்பது பேர் சேர்ந்து ஒருவனைத் தனியாக்கக் கற்றுக்கொண்ட பிளாட்டூன் அது. அதில் பலர் பிறகு என்னோடு எல்லையில் இருந்தார்கள். அவர்களிடம் எனக்கு முழு நம்பிக்கை வரவே இல்லை, என்மேலும் வரவில்லை.

பதவியைப் பயன்படுத்திக் கீழே இருப்பவனைத் தொந்தரவு செய்பவன் ஆணானாலும் பெண்ணானாலும் கடுமையாகத் தண்டியுங்கள். அதற்கு 46-வது பிரிவு இருக்கட்டும். மனமொத்து, பணிக்கு வெளியே, ஒருவன் ஒருவனுக்கு எழுதும் கடிதம் அந்தப் பிரிவுக்குள் வரக் கூடாது.

பாதுகாப்புச் சிக்கல் என்றும் சொன்னீர்கள். யோசித்துப் பாருங்கள், ஒருவனை எதைக் காட்டி மிரட்ட முடியும்? வெளியே தெரிந்தால் வேலையும் மானமும் போய்விடும் என்ற ரகசியத்தைக் காட்டித்தான். அந்த ரகசியத்தை உண்டாக்குவதே உங்கள் விதி. மறைக்க வேண்டிய அவசியம் இல்லாதவனை எதிரி எதைக் கொண்டு மிரட்டுவான்? இன்னொன்றும் கேட்கிறேன். காஷ்மீர்ப் பின்னணியில், சீருடை போட்ட நாயகன் உள்ளூர்ப் பெண்ணைக் காதலித்துப் பாட்டுப் பாடும் காட்சிகளை நாம் எத்தனை காலமாகப் பார்க்கிறோம்? அங்கே பாதுகாப்பு பற்றி யாரும் மூச்சு விட்டதாக நினைவில்லை.

ஓனிரின் கதை ஆகாயத்திலிருந்து வரவில்லை. ராணுவத்தில் பதினோரு ஆண்டுகளுக்கு மேல் இருந்து வெளியே வந்த மேஜர் ஜெ. சுரேஷ் 2020-ல் தொலைக்காட்சியில், தான் தன்பாலீர்ப்பாளர் என்று தன் முகத்தோடும் பெயரோடும் பேசினார். அதிலிருந்து பிறந்த கதை அது. உயிரோடு இருக்கும் ஒரு அதிகாரியின் அனுபவத்தைத் திரையில் காட்டினால் ராணுவம் அசிங்கப்படும் என்றால், அவர் உங்களிடம் பணியாற்றிய அத்தனை வருடத்தையும் என்னவென்று சொல்வது?

சினிமாதானே, அதற்கு ஏன் இவ்வளவு என்று நினைக்கலாம். ரங்ரூட் எதைத் தெரிந்துகொண்டு வருகிறான் என்று நினைக்கிறீர்கள்? படத்தில் பார்த்த ராணுவத்தையும் ஊரில் லீவுக்கு வந்த மாமா சொன்ன ராணுவத்தையும்தான். உஸ்தாத்தும் அதைப் பார்த்து வந்தவன்தான். என் மூணு செகண்டில் எனக்கு உதவ என் தலைக்குள் ஒன்றுமே இல்லை. அப்படி ஒரு சிப்பாய் இருக்கலாம், அவனுக்கும் அம்மா அப்பா கசம் பரேடுக்கு வருவார்கள் என்று எந்தக் கதையும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. பார்த்திருந்தால் பொய் சொல்லிக் காப்பாற்றியிருப்பேனா, சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அந்த வாசனை வரியையாவது விட்டிருப்பேன் என்று நினைக்கிறேன்.

இன்றைக்கு வரும் பையன்களின் நிலைமை இன்னும் மோசம். 2022-லிருந்து அக்னிவீரர்கள் பதினேழரை வயதிலிருந்தே வருகிறார்கள். நான்கு ஆண்டு. அதன் பிறகு நிரந்தரப் பணிக்கு நூற்றுக்கு 25 பேர் வரைதான். தன்னைப் பற்றி மேலே என்ன எழுதுவார்கள் என்ற பயம் ஒவ்வொரு நாளும் இருக்கும். அப்படிப்பட்டவன் வாயைத் திறப்பானா?

சீருடைப் படையில் இதெல்லாம் முடியாது என்ற வாதமும் நிற்காது. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுகளைத் தொடர்ந்து, 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு காவலர் நடத்தை விதிகளில் 24-சி என்று ஒன்றைச் சேர்த்தது. தன்பாலீர்ப்பாளர், திருநர் உள்ளிட்ட பால்புதுமையரையும் அவர்களுக்காக வேலை செய்பவர்களையும் காவலர் யாரும் துன்புறுத்தக் கூடாது என்று அதில் எழுதியிருக்கிறது. நீங்கள் மக்களவையில் பதில் சொன்ன அதே மாதம். பிரிட்டன் தன் படைகளில் இருந்த தடையை 2000-ல் நீக்கியது, பழைய நடத்தைக்காக அதன் பிரதமர் 2023-ல் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். அமெரிக்கா 2011-ல் நீக்கியது. இந்த நாடுகளின் படைகளோடு நாம் கூட்டுப் பயிற்சி செய்கிறோம்.

ஆகவே என் கோரிக்கைகள். ஓனிரின் திரைக்கதையை மறுத்த முடிவைத் திரும்பப் பெறுங்கள். கற்பனைக் கதைக்கு ராணுவத்தின் அனுமதி வேண்டும் என்ற ஏற்பாட்டையே மறுபரிசீலனை செய்யுங்கள். ராணுவ ரகசியம் வெளியாகிறதா என்று மட்டும் பாருங்கள், பாத்திரம் யாரைக் காதலிக்கிறது என்பதில் தலையிட வேண்டாம்.

2018 தீர்ப்பின்படி, மனமொத்த உறவோ ஒருவரின் ஈர்ப்போ 45, 46 பிரிவுகளுக்குள் வராது என்று எழுத்தில் உத்தரவு போடுங்கள். அந்த உத்தரவு இந்தியிலும் ரங்ரூட்டின் தாய்மொழியிலும் ஒவ்வொரு பயிற்சி மையத்தின் அறிவிப்புப் பலகையிலும் இருக்க வேண்டும். தாய்மொழியில் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ரங்ரூட்டின் சொந்தக் கடிதத்தை யாரும் படிக்கக் கூடாது, படிக்கச் சொல்லவும் கூடாது என்று அதில் சேருங்கள்.

கம்பெனிக்கு வெளியே, உஸ்தாத் கையைத் தாண்டி, ரங்ரூட் நேராகப் புகார் சொல்ல ஒரு வழி வேண்டும். உஸ்தாத்களுக்கான பயிற்சியில் இதற்கென்று நேரம் ஒதுக்குங்கள். பாடம் எடுக்க ஆள் வேண்டுமென்றால் மேஜர் சுரேஷைப் போன்றவர்களைக் கூப்பிடுங்கள்.

கடைசியாக ஒன்று. திறமையான சிப்பாயாக வர வாய்ப்பில்லாதவர் என்று எழுதி அனுப்பப்பட்டவர்களில், இந்தக் காரணத்துக்காக அனுப்பப்பட்டோம் என்று சொல்பவர்களின் மனுக்களைக் கேட்க ஒரு குழு அமையுங்கள். அவர்களிடம் சாட்சி இருக்காது. காகிதமும் அவர்களுக்கு எதிராகத்தான் பேசும். என் பிளாட்டூன் பையன் அந்தக் குழுவின் முன் வந்தால், சாட்சிக்கு என்னைக் கூப்பிடுங்கள். என் பணி எண்ணும் முகவரியும் ஓய்வூதியக் கோப்பில் இருக்கின்றன. கடிதத்தைப் படித்தவன் நான்தான் என்று அவன் முன்னாலேயே சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவன்